ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்: பட்டா யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும், மூல நிரலை யாரும் படித்து, மாற்றி, பகிர்ந்துகொள்ள உரிமம் தரும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மாற வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உரிமக் கட்டணம் இல்லை. மூல நிரல் நம் கையில் இருக்கும். இரண்டும் சரியான காரணங்கள்தான். மின் ஆளுமைத் திட்டங்களில் ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் கொள்கையே வெளியிட்டது. ஆனால் டெண்டர் போடும்போதும் சரி, பாடத்திட்டத்தில் சேர்க்கும்போதும் சரி, இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்த மென்பொருளில் எது சேரும், எது சேராது, அடுத்த ஆண்டும் இதே உரிமத்தில் கிடைக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் யார்? அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது யார்? தேவைப்பட்டால் அவரை எழுப்ப முடியுமா?

நிலம் வாங்கப் போகிறவர் மண்ணை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. பட்டா யார் பெயரில், வில்லங்கம் ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். ஓப்பன் சோர்ஸ் விஷயத்தில் நாம் மண்ணைப் பார்த்ததோடு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இந்தத் திட்டங்களை ‘ஒருவர் ஆட்சி’, ‘குழு ஆட்சி’, ‘நிறுவன ஆட்சி’ என்று வகை பிரித்துச் சொல்வது வழக்கம். ஒருவர் ஆட்சி ஆபத்து, குழு ஆட்சி பாதுகாப்பு என்று முடிவுகட்டுவதும் வழக்கம். இந்தக் கணக்கு பல இடங்களில் பொய்த்திருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலைப் பாருங்கள். 1991-இல் அதைத் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் சொல்வதுதான் இன்றும் கடைசி வார்த்தை. தேர்தல் கிடையாது, பதவிக் காலம் கிடையாது. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு பதிப்பு வரும். அதில் முதல் இரண்டு வாரம் மட்டுமே புதிய வசதிகளைச் சேர்க்க வாசல் திறந்திருக்கும். பிறகு வாரம் ஒரு சோதனைப் பதிப்பு. பிழை திருத்தம் மட்டும்தான். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது மூல நிரலோடு வரும் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்ற கோப்பில் பெயர், மின்னஞ்சலோடு இருக்கிறது. டோர்வால்ட்ஸ் பெரும்பாலும் அந்தப் பொறுப்பாளர்கள் தொகுத்து அனுப்புவதைத்தான் வாங்கிக்கொள்கிறார். பார்த்தால் முடியாட்சி மாதிரிதான். ஆனால் நிரலின் பதிப்புரிமை அவர் ஒருவரிடம் இல்லை. எழுதிய ஆயிரக்கணக்கானவர்களிடம், அவர்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கிறது. அத்தனை பேரும் சம்மதிக்காமல் அவரே நினைத்தாலும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற உரிமத்தை மாற்ற முடியாது. பங்களிப்பவர் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ‘இது என் வேலை, இந்த உரிமத்தில் தர எனக்கு அதிகாரம் உண்டு’ என்று சான்று சொல்லும் ஒற்றை வரிக் கையொப்பத்தை ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் சேர்க்கிறார், அவ்வளவுதான். லினக்ஸுக்குள் தன் நிரல் இருக்கிறது என்று சொல்லி எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்குகளுக்குப் பிறகு 2004-இல் வந்த ஏற்பாடு இது.

டோர்வால்ட்ஸின் நாக்கு கடுமையானது என்பது ஊரறிந்தது. 2018 செப்டம்பரில் அதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியும் இருந்தார். 4.19 பதிப்பை இன்னொரு மூத்த பொறுப்பாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் முடித்து வெளியிட்டார். வேலை நிற்கவில்லை. சாவி இரண்டாவது ஆளிடமும் இருந்தது என்பதுதான் அதற்குக் காரணம்.

இதற்கு நேரெதிர் டெராஃபார்ம். சர்வர்களையும் கிளவுட் அமைப்புகளையும் நிரல் எழுதி நிர்வகிக்க உலகம் முழுக்கப் பயன்பட்ட கருவி. எம்பிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம். வெளியிலிருந்து ஏராளமான பங்களிப்பாளர்கள். முறையான நிறுவனம் பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கை வேறு. 2023 ஆகஸ்ட் 10 அன்று அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் இனி வரும் பதிப்புகளுக்குப் போட்டி வணிகத்தைத் தடுக்கும் பிஎஸ்எல் உரிமம் என்று அறிவித்தது. வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. நடத்த வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. வெளியாட்கள் நிரல் தரும்போதே ‘சிஎல்ஏ’ எனப்படும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்கள் தந்ததை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அதன் வழியே நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காகிதத்தில் எழுதியிருந்ததுதான் நடந்தது. படிக்காதது நம் குற்றம்.

சிஎல்ஏ இல்லாவிட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. ரெடிஸ் தரவுத்தளம் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. அந்த உரிமம் மிகத் தளர்வானது. யாரும் அந்த நிரலை எடுத்துத் தன் மூடிய பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். பெயரும் வர்த்தக முத்திரையும் நிறுவனத்திடம். 2024 மார்ச் 20 அன்று உரிமம் ஓப்பன் சோர்ஸ் அல்லாததாக மாறியது. எட்டே நாளில், மார்ச் 28 அன்று, பழைய நிரலிலிருந்து ‘வால்கீ’ என்ற கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் அறிவிக்கப்பட்டது. அமேசான், கூகுள், எரிக்சன், அலிபாபா போன்ற நிறுவனங்களின் ஆட்கள் அதற்கு முன்பே ரெடிஸ் நிரலுக்குள் நீண்ட காலமாக வேலை செய்துகொண்டிருந்ததால்தான் இந்த வேகம் சாத்தியமானது. ரெடிஸே 2025 மே மாதத்தில் ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்து ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பியது.

‘பிடிக்காவிட்டால் ஃபோர்க் செய்துகொள்ளலாமே’, அதாவது நிரலை நகலெடுத்துத் தனிக் கிளையாக நடத்தலாமே என்பது நம்மூரில் அடிக்கடி காதில் விழும் சமாதானம். மூல நிரலை நகலெடுப்பது ஒரு நிமிட வேலைதான். அதன்பிறகு புதுப் பெயர் வேண்டும், அது யாருடைய முத்திரையோடும் மோதக் கூடாது. டொமைன் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சர்வர்கள் வேண்டும், அதற்கு மாதா மாதம் பில் வரும். வெளியீடுகளில் கையொப்பமிடப் புதுச் சாவி வேண்டும்; அந்தச் சாவியை லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள் நம்ப வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளை ரகசியமாகச் சொல்ல ஒரு முகவரியும், அதை ராத்திரி பகல் பார்க்காமல் கவனிக்க ஆட்களும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிரலின் உள்ளே புகுந்து வேலை செய்த அனுபவமுள்ள நாலு பேர் வெளியே இருக்க வேண்டும். டெராஃபார்முக்கு ஓப்பன்டோஃபு என்ற கிளை கிடைத்ததும் ரெடிஸுக்கு வால்கீ கிடைத்ததும் இப்படித்தான். எந்த நிரலின் பங்களிப்பாளர்கள் எல்லோருமே ஒரே கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களோ, அங்கே ஃபோர்க் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

சரி, நிறுவனம் வேண்டாம், தனி மனிதரும் வேண்டாம், நமக்கு நாமே ஆட்சி அமைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்த இரண்டு திட்டங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டின் விதிகளும் இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன.

முதலாவது பைத்தான். நம் பொறியியல் கல்லூரிகளில் முதலாமாண்டு மாணவர் படிக்கும் மொழி. அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் பல்லாண்டுகள் ‘ஆயுள்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்ற பாதி வேடிக்கையான பட்டத்தோடு இறுதி முடிவுகளை எடுத்துவந்தார். ஒரு கணக்கீட்டுத் தொடரின் (எக்ஸ்பிரஷன்) நடுவிலேயே மாறிக்கு மதிப்பு வைக்கும் புதிய குறியை ஏற்கலாமா என்ற முன்மொழிவு, எண் 572, கடும் சச்சரவைக் கிளப்பியது. அதை ஏற்றுக்கொண்ட கையோடு 2018 ஜூலை 12 அன்று பதவியை விட்டு விலகுவதாக எழுதினார். வாரிசு யார் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

அடுத்து என்ன செய்வது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எப்படி முடிவெடுப்பது என்பதை எப்படி முடிவெடுப்பது என்பதே முதல் சிக்கலாகிப் போனது. ஏழு ஆட்சி முறைகள் முன்மொழியப்பட்டன. மறுபடியும் ஒரே தலைவர், மூவர் குழு, வெளியாட்களைக் கொண்ட மேற்பார்வைக் குழு என்று பல வகை. டிசம்பரில் வாக்கெடுப்பு. வென்றது ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு. அந்தக் குழு தேர்தல் முடிந்து பதவிக்கு வர 2019 பிப்ரவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட ஏழு மாதம் மொழியில் பெரிய மாற்றம் எதற்கும் ‘சரி’ சொல்ல அதிகாரம் பெற்றவர் யாருமில்லை. தலைவர் உயிரோடு, நல்ல மனநிலையில், ஒத்துழைக்கத் தயாராக இருந்தபோதே இந்தத் தாமதம்.

அவர்கள் எழுதிய விதிகள் சுருக்கமானவை. படித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். ஐந்து பேர், ஒவ்வொரு முக்கியப் பதிப்புக்குப் பிறகும் புதுத் தேர்தல். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த ஒரு வரிதான் கம்பெனிகள் சம்பளம் கொடுத்தே திட்டத்தை வளைத்துவிடாமல் காக்கிறது. புதிதாக ஒருவருக்கு மைய உறுப்பினர் தகுதி தர ஒரு வாரம் வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. குழுவின் மீதோ அதில் ஒருவர் மீதோ நம்பிக்கை போனால் அதே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் நீக்கிவிடலாம். எல்லா அதிகாரத்தையும் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, இதை முடிந்த அளவு குறைவாகப் பயன்படுத்தும் வழியைத் தேடுங்கள் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. இப்படி ஒரு வரியை நம்மூர்ச் சங்க விதிகளில் தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் விநியோகம். உபுண்டு போன்ற பலவற்றுக்கும் அடித்தளம் இதுதான். 1998 முதல் எழுதப்பட்ட அரசியல் சாசனம் உண்டு. ஆண்டுதோறும் திட்டத் தலைவர் தேர்தல் நடக்கும். தலைவருக்கு இருக்கும் அதிகாரம் குறைவுதான்; பொறுப்பாளர்களை நியமிக்கலாம், செலவுக்கு ஒப்புதல் தரலாம், அவசரமானதை முடிவு செய்யலாம். ஒரு மென்பொருள் தொகுப்பைக் கவனிப்பவரிடம் ‘இதை இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று உத்தரவிட முடியாது. யாரையும் எந்த வேலையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த இந்தச் சாசனத்தில் இடமில்லை என்று அதிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. தன்னார்வலர்களை வைத்து நடத்தும் எந்த அமைப்புக்கும் இதுதான் யதார்த்தம். மற்றவர்கள் அதை எழுதி வைப்பதில்லை.

அவர்கள் வாக்களிக்கும் முறை தனிக் கவனத்துக்கு உரியது. நம் தேர்தலில் ஒரே மாதிரிக் கொள்கை கொண்ட இருவர் நின்றால் ஓட்டுப் பிரிந்து மூன்றாமவர் ஜெயிப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. டெபியனில் வாக்காளர் ஒவ்வொரு தேர்வுக்கும் எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக மோதவிட்டு எண்ணுகிறார்கள். ‘அ’வை ‘ஆ’வுக்கு மேல் வைத்தவர்கள் எத்தனை பேர், ‘ஆ’வை ‘இ’க்கு மேல் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று. எல்லா மோதலிலும் வெல்லும் தேர்வு இருந்தால் அதுவே முடிவு. வாக்குச் சீட்டில் ‘மேற்கண்ட எதுவும் வேண்டாம்’ என்பதும் எப்போதும் ஒரு தேர்வு. அது நம் நோட்டா மாதிரி வெறும் அடையாளம் இல்லை. அதனிடம் தோற்ற தேர்வு ஆட்டத்திலிருந்தே வெளியே போய்விடும்.

குறைந்தபட்ச ஆதரவுக்கும் ஒரு கணக்கு உண்டு. டெவலப்பர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, அதில் பாதியை மூன்றால் பெருக்க வேண்டும். ஆயிரம் பேர் என்றால் வர்க்கமூலம் 31.6, அதில் பாதி 15.8, மூன்று மடங்கு 47.4. ஆகவே ஒரு தேர்வை ‘எதுவும் வேண்டாம்’ என்பதற்கு மேலே வைத்தவர்கள் குறைந்தது 48 பேர் இருந்தால்தான் அது செல்லும். ஏன் நேராக ‘பாதிப் பேர்’ என்று வைக்கவில்லை? தன்னார்வத் திட்டத்தில் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் எந்த நாளிலும் வந்து வாக்களிக்கமாட்டார்கள். அப்படி வைத்தால் ஒரு முடிவும் எடுபடாது. வர்க்கமூலம் வைத்தால் உறுப்பினர்கள் நாலு மடங்கு பெருகினாலும் தேவையான எண்ணிக்கை இரண்டு மடங்குதான் ஏறும். சாசனத்தையே திருத்த வேண்டுமானால் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும்.

இவ்வளவு கவனமாக எழுதிய சாசனமும் 2014-இல் மூச்சுத் திணறியது. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலாக சிஸ்டம்டி-யை ஏற்பதா, அப்ஸ்டார்ட்டை ஏற்பதா என்ற சண்டை எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவுக்கு வந்தது. பிப்ரவரியில் நாலுக்கு நாலு என்று நின்றது. குழுத் தலைவர் தன் தீர்மான வாக்கை சிஸ்டம்டி-க்குப் போட்டார். விதிப்படி சரியான முடிவு. ஆனால் ஆயிரம் பேரைப் பாதிக்கும் விஷயத்தை ஒருவர் முடிவு செய்துவிட்டார் என்ற கசப்பு போகவில்லை. நவம்பரில் பொது வாக்கெடுப்பு. ‘இதற்குப் பொதுத் தீர்மானம் தேவையில்லை’ என்ற தேர்வே அதில் வென்றது. அதே மாதம் குழுவிலிருந்து மூத்தவர்கள் சிலர் விலகினார்கள். டெவுவான் என்ற கிளை பிரிந்தது. அதுவரை தொழில்நுட்பக் குழுவின் பதவிக்குக் கால வரம்பே இல்லை. ஆண்டு முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்தி அதற்கும் வரம்பு வைத்தார்கள். எட்டு என்ற இரட்டைப்படை எண்ணையும் தலைவருக்கு இரண்டாவது வாக்கையும் சேர்த்து வைத்தால் ஒருநாள் இப்படித்தான் ஆகும். பைத்தானின் ஐந்து இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமான எண்.

பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குக் குடையாக இருக்கும் அப்பாச்சி ஃபவுண்டேஷனின் முறை இதைவிட எளிது. நிறுவனங்கள் உறுப்பினராகவே முடியாது, தனி மனிதர்கள் மட்டும்தான். ஆதரவுக்கு +1, எதிர்ப்புக்கு −1. ஒரு பதிப்பை வெளியிட அதிகாரம் பெற்ற மூவரின் +1 வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு அதிகம் இருக்க வேண்டும். வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்கும். மூன்று நாள் என்பது வார இறுதியும் உலகத்தின் எல்லா நேர மண்டலங்களும் அடங்கும் கால அளவு. நிரல் மாற்றத்தை ஒரே ஒரு −1 தடுத்துவிடும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் எழுதியிருக்க வேண்டும். காரணம் இல்லாத எதிர்ப்பு செல்லாது. பதிப்பு வெளியீட்டைத் தனி ஒருவர் தடுக்க முடியாது. சிறு திட்டங்கள் நகலெடுக்க இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

குழு அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு ரஸ்ட் என்ற நிரல் மொழி சாட்சி. 2021 நவம்பரில் அதன் நன்னடத்தைக் குழு ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலையில் இருப்பதால் அவர்கள் மீது நன்னடத்தை விதியை நடைமுறைப்படுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். உறுப்பினர்களுக்கு எழுதிய விதி தலைவர்களுக்குப் பொருந்த வழி வைக்காததுதான் கோளாறு. 2023-இல் அந்த மையக் குழுவுக்குப் பதிலாக, ஒவ்வொரு தலைமைப் பிரிவும் ஒரு பிரதிநிதியை அனுப்பும் தலைமை மன்றம் வந்தது. விதி எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, தலைவர் மீதே புகார் வந்தால் அதை யார் விசாரிப்பார் என்பதைத்தான்.

இவையெல்லாம் பெரிய திட்டங்கள். நிஜ ஆபத்து சிறியவற்றில் இருக்கிறது. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவி ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. பல ஆண்டுகள் அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல். 2021-இலிருந்து ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில முகவரிகளிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைப் பொறுப்பாளராக்குங்கள் என்று நச்சரிப்பு. மனநிலை சரியில்லாத நேரத்தில் பழைய பொறுப்பாளர் ஜியா டானோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருந்தது. தீய பகுதியைச் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதை இயக்கும் துணுக்கு பொதுவில் தெரியும் ரிப்போவில் (மூல நிரல் கிடங்கில்) இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளியே சொல்லியிராவிட்டால் கதை வேறு. இதைப் பாதுகாப்புக் கோளாறு என்று மட்டும் வகைப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதியவருக்கு எப்போது, யாருடைய ஒப்புதலோடு, எந்தச் சாவி தரப்படும் என்ற விதி இல்லாத இடத்தில் சாவி கேட்டு அழுத்தம் கொடுத்தார்கள், கிடைத்தது. பைத்தானின் ஒரு வார வாக்கெடுப்பும் அப்பாச்சியின் மூன்று பேர் ஒப்புதலும் இந்தத் திருட்டைக் கடினமாக்கியிருக்கும். ஆனால் ஒரே ஆள் இருக்கும் இடத்தில் மூன்று பேரை எங்கே தேடுவது?

இன்னொரு வகைச் சாவி, மென்பொருள் விநியோகமாகும் தளம். இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. தமிழில் நடக்கும் எத்தனையோ சிறு இணையதளங்கள் அதில் ஓடுகின்றன. ஆனால் செருகுநிரல்களும் புதுப்பிப்புகளும் வரும் தளம் அறக்கட்டளையிடம் இல்லை, இணை நிறுவனர் மேட் முல்லன்வெக்கின் கையில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துடன் முத்திரைத் தகராறு முற்றியபோது அந்த நிறுவனத்துக்குத் தளத்தின் அணுகல் மறுக்கப்பட்டது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகே அது நிலையாகத் திரும்பக் கிடைத்தது. தகராறில் யார் பக்கம் நியாயம் என்பது வழக்கின் விஷயம். இடையில் மாட்டிக்கொண்டவர்கள் அந்த ஹோஸ்டிங்கில் தளம் வைத்திருந்த வாடிக்கையாளர்கள்.

இனி, வாங்கப் போகிறவர் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். ஒரு திட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ரிப்போவின் முகப்பில் ‘கவர்னன்ஸ்’ என்ற பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் ஒருவர் எப்படிப் பொறுப்பாளர் ஆகிறார் என்பதைவிட எப்படி நீக்கப்படுகிறார் என்பதைத் தேடுங்கள். ‘பொறுப்பாளர்கள் முடிவு செய்வார்கள்’ என்று மட்டும் இருந்தால் கோப்பு இல்லாததற்குச் சமம். பங்களிப்பு விதிகளில் சிஎல்ஏ கேட்கிறார்களா, ஒரு வரிக் கையொப்பம் போதுமா என்று பாருங்கள். சிஎல்ஏ என்றால் அது யாருக்கு எழுதித் தரப்படுகிறது என்று பாருங்கள். லாப நோக்கமற்ற அறக்கட்டளைக்கு என்றால் அவ்வளவு பயமில்லை. வர்த்தக முத்திரையும் டொமைனும் யார் பெயரில் என்பது தளத்தின் அடிக்குறிப்பிலோ முத்திரைக் கொள்கைப் பக்கத்திலோ இருக்கும்.

பிறகு, நிரலில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியின் வரலாறு. அதன் ஷார்ட்லாக் கட்டளையைக் கடந்த ஓராண்டுக்கு மட்டும் ஓட்டினால் யார் எத்தனை மாற்றம் செய்தார் என்ற பட்டியல் வரும்; மின்னஞ்சலோடு கேட்டால் யார் எந்தக் கம்பெனி என்பதும் ஓரளவு புரியும். இங்கே ஏமாற இடமுண்டு. பட்டியலின் உச்சியில் இருப்பது தானியங்கி பாட் ஆகவும் இருக்கலாம். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள். எழுதியவரைவிட ஏற்றுக்கொண்டவர்தான் முக்கியம், அதற்குத் தனித் தெரிவு உண்டு. ஆனால் இணையப் பொத்தானை அழுத்திச் சேர்த்திருந்தால் ஏற்றவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கிட்ஹப்’ என்றே நிற்கும். அப்போது கடைசி இருபது, முப்பது மாற்றக் கோரிக்கைகளைத் திறந்து ஒப்புதல் தந்தவர் யார் என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஒரே பெயர் வந்துகொண்டிருந்தால் அந்த மென்பொருளுக்கு நீங்கள் பணமோ ஆளோ தரத் தயாராக இருக்க வேண்டும். இல்லையேல் வேறு பாருங்கள். உரிமக் கட்டணத்தில் மிச்சமானதில் ஒரு சிறு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது தர்மம் அல்ல, காப்பீடு.

கடைசியாக, நம் மாணவர்களும் தன்னார்வலர்களும் எழுத்துரு, சொற்பிழை திருத்தி, விசைப்பலகை என்று நடத்தும் சிறு திட்டங்களுக்கு. மூன்று, நான்கு பேர் இருக்கும் இடத்தில் டெபியன் சாசனத்தை நகலெடுக்க வேண்டாம். ஒரு பக்கம் போதும். சாதாரண மாற்றத்துக்கு இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பெரிய மாற்றத்தை அறிவித்து 72 மணி நேரம் எதிர்ப்பு வராவிட்டால் சேர்க்கலாம், தேர்வுக் காலத்திலும் பொங்கல் விடுமுறையிலும் அதை ஒரு வாரமாக்குங்கள். வாக்கெடுப்புக்குத் தேவையான எண்ணிக்கையை மொத்த உறுப்பினர்களை வைத்துக் கணக்கிடாதீர்கள், கடந்த ஆறு மாதத்தில் ஏதேனும் பங்களித்தவர்களை வைத்துக் கணக்கிடுங்கள். வேலை கிடைத்துப் போனவர்கள் பட்டியலில் தொங்கிக்கொண்டே இருந்தால் பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் தீர்மானத்தைக்கூட நிறைவேற்ற முடியாமல் போகும். ஓராண்டு தொடர்பில்லாதவரின் பெயரை நன்றியோடு முன்னாள் பொறுப்பாளர் பட்டியலுக்கு மாற்றி, நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் கமிட் உரிமையைத் திரும்பப் பெறுங்கள். புண்படுவார் என்று விட்டுவைக்கும் பழைய கணக்குதான் கடவுச்சொல் திருடனுக்கு வாசல். ரிப்போவின் உரிமையாளர் கணக்கு, டொமைன், வெளியீட்டுச் சாவி மூன்றும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு இருவேறு இடங்களில் வையுங்கள். டொமைனைக் கல்லூரி மின்னஞ்சலில் பதிவு செய்யாதீர்கள். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி முடக்கப்படும். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல்கள் யார் கண்ணிலும் படாமல் போய், தவணை தவறிய டொமைனை வேறு யாரோ வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை வாசகர்,
கோயம்புத்தூர்